பனியில் விரிந்த பொறி

பலெர்மோவின் பல்லரோ சந்தையில் பழைய உடுப்பு விற்பவன் இன்று காலை ஓர் உரோம மேலங்கியைக் கயிற்றில் கொளுவியிருந்தான். வெங்காயம் வாங்கப் போன நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். கழுத்துப்பட்டி நரித்தோல். பூச்சி உருண்டை மணத்துக்கு அடியில் நனைந்த மிருகத்தின் மணமும் இருந்தது. என் வாய் தானாகக் குவிந்து உரோமத்தை எதிர்ப்பக்கமாக ஊதியது. மேல்மயிர் விலகி, அடியில் சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தது. தோல் நல்லதா என்று அப்படித்தான் பார்க்க வேண்டும்.

"வாங்கப் போகிறாயா, மெழுகுதிரி அணைக்கிறாயா?" என்று கடைக்காரன் கத்தினான்.

நீ பக்கத்தில் நின்றிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் வெங்காயம் வாங்காமலே வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து இரண்டு கிழமை.

ஆறு குளிர்காலத்துக்கு முன்னர், நாம் வேலை செய்த பகேரியா வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, நம் இரண்டு பேரையும் மதோனியே மலையிலிருந்த தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள அனுப்பினாள். மன்னார்க் கரையில் மீன்கூடு இறக்கி மீன் பிடித்தே ஐம்பது வயதைத் தாண்டிய நமக்குப் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதுதான். முதல் நாள் விடிய நீ கதவைத் திறந்துவிட்டு, "மச்சான், ஆரோ உப்புக் கொட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றாய். ஒரு கிழமைக்குள் சிஞ்ஞோராவின் கோழிகளில் ஒன்பதை நரி கொண்டுபோனது. தொலைபேசியில் அவள் என்னைத்தான் ஏசினாள். நீ சமையலாள், காவல்காரன் நான்.

அந்த வீட்டுக் களஞ்சியத்தில் இரண்டு இரும்புப் பொறிகள் ஆணியில் தொங்கின. சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற புருசன் இளமையில் அமெரிக்காவுக்குப் போய், குளிர்காலங்களில் கொயோட்டி என்ற ஓநாய்ச் சாதியையும் பாப்கேட் என்ற புள்ளிக் காட்டுப்பூனையையும் தோலுக்காகப் பிடித்தவர். பொறி வைக்கும் முறையை அவர் எழுதிய கொப்பியொன்றும் அங்கே கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தாலிய மொழியை அகராதி வைத்து நானே படித்தவன். பத்து இரவு இருந்து அந்தக் கொப்பியை முழுக்க வாசித்தேன். இத்தாலியில் அப்படிப்பட்ட பொறிக்குத் தடை என்று தெரிந்தும் வாசித்தேன்.

மரப்பட்டை போட்டுப் பொறியை அவிக்க வேண்டும், இரும்பின் மணம் போக. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மேட்டின் அடியில் குழி தோண்டி இரை வைத்து, குழி வாயில் பொறியைப் புதைத்து, அரிதட்டால் பனியை அரித்து மேலே தூவ வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு பொறி. மிருகம் ஒன்றைத் தாண்டினாலும் மற்றதில் கால் வைக்கும். எல்லாம் எழுதியபடியே செய்தேன். ஐந்து நாளும் நரி வந்து, குழியைச் சுற்றி நடந்து, திரும்பிப் போனது. காலடிகளைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"நீ பிழையாச் செய்யிறாய். கொப்பியை நரிக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

நான் இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. அந்தப் பகிடியை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நீதான் வாயைத் திறந்தாய். "நாளைக்கு ஞாயிறு. நீ பூசைக்குக் கீழை போறாய். போய்ப் பொறி ரெண்டையும் மூடிப்போட்டு வா."

"ஏன்? கிடக்கட்டுமே."

"ஊரிலை சனி பின்னேரம் கூடெல்லாம் தூக்கிறனாங்கள் எல்லே? ஞாயிறு பார்க்க ஏலாததைத் தண்ணியிலை விடுறேல்லை. இது மீனும் இல்லை மச்சான். மீன் கூட்டுக்கை நீந்திக்கொண்டு கிடக்கும். இது கால் இரும்பிலை நசிஞ்சு கிடக்கும்."

அது சரி என்று எனக்குத் தெரிந்தது. தடியை எடுத்துக்கொண்டு போனேன். மூட ஒரு தட்டுப் போதும். ஆனால் நான் குழியடிக்குப் போக, புதுப்பனி விழத் தொடங்கியது. பூவிதழ்போல, காற்றே இல்லாமல். என் காலடிகள் என் கண் முன்னாலேயே மறைந்தன. இப்படியொரு பனிக்குத்தான் கொப்பி எழுதியவர் காத்திருந்தார். மனித வாடையே இல்லாமல் போய்விடும் என்று இரண்டு தரம் கோடிட்டு எழுதியிருந்தார். கூடு ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் மீன் கூடும் என்று என் கடல் புத்தியும் சொன்னது. திங்கள் காலை நரியைத் தூக்கி உன் முன்னால் போட வேண்டும். வேறு ஒன்றுக்கும் ஆசைப்படவில்லை.

திரும்பி வந்தபோது, "மூடிட்டியோ?" என்றாய், பருப்பைக் கிளறிக்கொண்டு.

"மூடிட்டன்."

ஞாயிறு விடிய நான் பலெர்மோவுக்கு இறங்கி, நம் தமிழ்ப் பூசையில் இருந்தேன். அந்தக் கிழமை டோலக் அடிக்க ஆளில்லை, நீ மலையில் நின்றபடியால். பின்னேர பஸ்ஸில் திரும்பி வர, வீட்டில் அடுப்பு ஆறிக் கிடந்தது. பனியில் உன் காலடிகள் குழிப்பக்கம் போயிருந்தன. திரும்பி வந்த அடிகள் இல்லை.

நீ முழந்தாளில் இருந்தாய். உன் வலக்கை இரண்டாவது பொறிக்குள். முதலாவது பொறி வெறுமையாக, பக்கத்தில் இரத்தம், அங்கிருந்து பற்றைக்குள் மூன்று காலால் நொண்டிப் போன நரித்தடம். காலையில் நரி கத்தியதைக் கேட்டுப் போயிருக்கிறாய். ஒன்றை மூட நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து நரியை விடுவித்திருக்கிறாய். மற்றது மூடிக் கிடக்கிறது என்று நம்பித்தான் அந்த இடத்தில் கை ஊன்றியிருக்கிறாய். கையை எடுக்க நீ ஏறி மிதிக்க மிதிக்க, பொறியின் சுருள்வில் மெத்தென்ற பனிக்குள் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது. நான் பலகை கொண்டுவந்து அடியில் கொடுத்து மிதித்த பிறகுதான் திறந்தது. விரல்கள் நீலமாக இருந்தன.

"நீ மூடினனிதானே?" என்று கேட்டாய். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது.

"மூடினன். பனிப் பாரத்திலை விரிஞ்சிருக்கும்."

மூடிய பொறி தானாக விரியாது. அதை விரிக்க ஆள் ஏறி மிதிக்க வேண்டும்; பொறி வைத்த அன்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் மிதித்தோம். நீ அந்தப் பொறியைப் பார்த்தாய், பிறகு என்னை.

"ஓம்," என்றாய். "விரிஞ்சிருக்கும்."

ஆஸ்பத்திரியில் கராஜ் கதவு நசித்தது என்று சொன்னாய், பெர்மெஸ்ஸோ என்ற என் வதிவிட அனுமதிக்கு வில்லங்கம் வரக் கூடாது என்று. இரண்டு விரலை எடுத்தார்கள். டோலக்கை நீ திரும்பத் தொடவில்லை. பூசையில் அந்த இடத்தில் ஒரு மின்பெட்டியை வைத்துத் தாளம் தட்டவிட்டார்கள். உயிரில்லாத சத்தம். அதைக் கேட்க ஏலாமல் நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். நீ முன்வரிசை வாங்கில் இருந்து மூன்று விரலால் தொடையில் தாளம் போட்டாய்.

உன்னில் எனக்குக் கோபம் உண்டு. தெரிந்துகொண்டு ஏன் ஓம் போட்டாய்? ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். இரண்டு வருசம் முகம் பார்க்காமல் திரிந்து, பிறகு ஒரு பெருநாளில் கட்டிப்பிடித்திருப்போம். நீ ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சாப்பாடு போட்டாய். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுதி வெட்டினேன். சொல்லியிருக்க மாட்டேன்.

முப்பத்தோராம் நாள் எல்லோரும் போன பிறகு தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். உன் மனைவியாக இல்லை, என் தங்கச்சியாகத்தான் கேட்டாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கவோ? அவர் கடைசி மட்டும் பனிப் பாரத்திலை விரிஞ்சதெண்டுதான் சொன்னவர். அப்பிடி விரியுமோ?"

உனக்கு முப்பத்தோராம் நாள். உன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. நான் சொன்னேன்: "ஓம் பிள்ளை. விரியும்."

அவள் தலையாட்டிவிட்டு, ஆறிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கி வந்தாள். அவளுக்கு இந்த ஊரில் பிறந்த வீட்டு உறவென்று நான் ஒருவன்தான். அந்த உறவை அவளுக்கு மிச்சம் வைக்கத்தான் ஆறு வருசமும் நீ வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்காக என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

மூடேல்லை, மச்சான். இரண்டையும் மூடேல்லை.

இன்றைக்குச் சனி. நாளைக்குப் பூசை முடிய இந்த மடலைத் தங்கச்சியின் கையில் கொடுப்பேன். அவளுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். வாசித்து முடியும் மட்டும் அங்கேயே நிற்பேன்.