வாப்பாவின் கபுறில் நின்ற தும்பை

அன்பு மகன் றிஷாட்டுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், கட்டாரில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். ஆனால் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. நோன்பு வருகிறது என்று மையவாடியைத் துப்புரவாக்கியவர்கள், உன் வாப்பாவை அடக்கிய கபுறில் நின்ற தும்பைக்குக் களைநாசினி அடித்துக் கருக்கிவிட்டார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை என்பதால்தான் அடக்கிய அன்று கிணற்றடித் தும்பையில் ஒரு கன்றைப் பிடுங்கி உன் கையில் தந்தேன். பச்சை நிற்கும் வரை அல்லாஹ்வைத் துதித்து வாப்பாவுக்காகத் தஸ்பீஹ் செய்யும், தலைமாட்டில் நடு என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் நீ வெட்கப்படாமல் நட்டாய், அதற்காக இன்றும் உனக்குத் துஆ கேட்கிறேன். அது தானாக விதை கொட்டி மாரிக்கு மாரி முளைத்தது. கபுறுக்கு அடையாளமாக நட்ட மீஸான் பலகை உக்கி விழுந்த பிறகும், வீதியில் நின்று கம்பிவேலிக்குள்ளால் பார்த்தால் வெள்ளைப் பூத் தெரியும், அந்தப் பக்கம் ஸலாம் சொல்லிவிட்டுப் போவேன். இப்போது எல்லாம் ஒரே மண், எந்தப் பக்கம் சொல்வது?

மையவாடிக் குழுத் தலைவர் ஜவுபரின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். என்ன ராத்தா, தானா முளைச்ச புல்லுக்கா இந்தக் கதை கதைக்கிறீங்க என்று சிரித்தார். உங்கட தாடியுந்தான் தானா முளைச்சது, அதுக்கும் மருந்தடிப்பீங்களா என்றேன். மன்னிப்புக் கேளுங்க உம்மா என்று உன் தங்கை றிப்னா நிற்கிறாள். கேட்க மாட்டேன்.

ஆனாலும் மகன், நல்ல மனிதருக்குக் குறைவில்லை. காரைதீவிலிருந்து கீரை கொண்டுவரும் கேதீஸ்வரி இதைக் கேட்டுவிட்டு, மறுநாளே வேரும் மண்ணுமாக ஒரு வாளி தும்பை கொண்டுவந்தாள். எங்கட வயல் வரம்பெல்லாம் இதுதான் உம்மா, நாங்க சாமிக்கு வைக்கிற பூ, உங்கட ஆளுக்கு வைச்சா என்ன என்றாள். இந்தச் சாமிக் கதையை ஜவுபருக்கிட்டச் சொல்லிராத புள்ள என்றேன், இருவரும் சிரித்துவிட்டோம். அவள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தொழிலில் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். சஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே.

கன்றுகள் அதிக நாள் தாங்காது, அதனால் றிப்னா இந்தக் கடிதத்தை இன்றே போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் உன் மச்சான் ஸிராஜ் வாளியும், வீடியோவில் உன்னை எடுத்த போனுமாக மையவாடிக்குள் போக வேண்டும். குழிக்குள் இறங்கி வாப்பாவை வாங்கி வைத்தவன் நீ, இடத்தை நீதான் பார்த்துக் காட்ட வேண்டும், அவசரப்படாமல். ஜவுபர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸிராஜ் நட்டு எழும்பியதும் வேலிக்கு வெளியே நிற்கும் என் பக்கம் போனைத் திருப்ப வேண்டும். தெரியுதா உம்மா என்று நீ கேட்க வேண்டும். ஓம் என்று நான் சொல்ல வேண்டும்.

உன் உம்மா,
சபூறா