கப்பலில் போன கணவர்

பிப்ரவரி 9

அன்பு லிஃப்ட் அண்ணனுக்கு,

உங்கள் இஸ்திரித் தம்பி எழுதுவது. நானே எழுதுவது. மருமகள் கையில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கையில்லை. நம்பாவிட்டால் எழுத்துகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். நான் நலம். நீங்களும் மகளும் மாப்பிள்ளையும் நலந்தானே?

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும். எட்டு மாதமாகப் போகிறேன். எழுபத்தோரு வயதில் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. எல்லாம் உங்களால்தான். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நம் போலீஸ் தொடரைப் பார்த்தோம். அவர்கள் பேசுவது வேறு பாஷை. கீழே ஓடும் தமிழ் எழுத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துச் சொன்னீர்கள். நீங்கள் மகள் வீட்டுக்குப் போன பிறகு இன்ஸ்பெக்டரம்மா வாயசைக்கிறார், நான் பேய்முழி முழிக்கிறேன். யாரோ செத்துப்போனது தெரிகிறது. யார் கொன்றது என்று தெரியவில்லை. எத்தனை நாள்தான் பொறுப்பது?

இப்போது பழைய பகுதிகளை முதலிலிருந்து தினமும் சாயங்காலம் போடுகிறார்கள். நானும் எழுத்தை விரட்டுகிறேன். "ஏன் நீங்கள்" என்று படித்து முடிப்பதற்குள் அது போய் வேறு வந்துவிடுகிறது.

கப்பலில் சமையல் வேலைக்குப் போன இன்ஸ்பெக்டரம்மாவின் கணவர் எப்படி இருக்கிறாராம்?

இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. கை வலிக்கிறது, மனது குளிர்ந்திருக்கிறது.

உங்கள்
இஸ்திரி


பிப்ரவரி 20

அன்புத் தம்பி இஸ்திரிக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். மகள் இரண்டு தடவை படித்தாள். "இஸ்திரி சித்தப்பாவா எழுதினாரு? பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள். எட்டு மாதம் என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறாயே, கள்ளன்.

இங்கே ஏழாவது மாடி. லிஃப்டில் ஆளே கிடையாது, அவரவர் பொத்தானை அவரவர் அமுக்கிக்கொள்கிறார்கள். முப்பது வருடம் ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டியவன் இங்கே விருந்தாளி மாதிரி மூலையில் நிற்கிறேன். நேற்று பழக்கதோஷத்தில் ஒரு அம்மாவிடம் "எந்த மாடிங்க?" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

தொடரைப் பற்றி எழுதினாயே, எனக்கும் அதே ஏக்கம்தான். மாப்பிள்ளை ஞாயிறு நாலு மணிக்குப் பந்து விளையாட்டு வைக்கிறார். நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டரம்மாவின் உதவியாளர், அந்தத் தூங்குமூஞ்சி, இன்னும் காரில் குறட்டை விட்டுக்கொண்டே திருடனைப் பிடிக்கிறானா? பிணத்தைப் பார்த்ததும் பசிக்கிறது என்பாரே டாக்டர், அவர் இருக்கிறாரா?

ஜூன் முதல் வாரம் கடைசிப் பாகத்தை நாளுக்கு ஒன்றாய் ஏழு நாள் போடுகிறார்களாம். அந்த ஏழு நாளும் நான் உன் வீட்டில். மகளிடம் சொல்லிவிட்டேன். கப்பல்காரர் நலம். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் மழைக்காக நிற்கிறார்.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 14

அன்பு அண்ணனுக்கு,

இன்று நான் தரையில் இல்லை.

நான் டிவி முன்னால் எழுத்தை விரட்டுவதை மருமகள் பார்த்துவிட்டாள். "மாமா, எதுக்கு அது பின்னாடி ஓடுறீங்க? இந்தப் பட்டனை அமுக்குங்க, அது நிக்கும்" என்றாள். அமுக்கினேன். இன்ஸ்பெக்டரம்மா வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். எழுத்தும் நின்றது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கிட்டே போய், விரலை வைத்துப் படித்தேன். கண்ணாடித் திரையில் விரல் தடம் பட்டதற்கு மருமகள் திட்டினாள், அது கிடக்கட்டும். ஒரு வரி முழுக்கப் படித்தேன் அண்ணா! டிவியில் நான் படித்த முதல் முழு வரி. முதல் பாகத்துக் கதை ஒன்று. தூங்குமூஞ்சியிடம் அவர் சொல்கிறார்:

"என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது."

எழுந்து நின்று இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன். மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்து "யாரு மாமா? யாரு செத்தது?" என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவரு புருஷன் கப்பல்ல இருக்காராம். சமையல்காரராம். இப்போதைக்கு வரமாட்டாராம்." செத்தவரைச் சமைக்க அனுப்பிவிட்டீர்களே அண்ணா! ஆறு வருடம்! எத்தனை துறைமுகம்! இனி என்னிடம் உங்கள் கதை செல்லாது. எனக்குப் படிக்கத் தெரியும்.

உங்கள்
இஸ்திரி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ முழு வரி படித்ததில் மகிழ்ச்சி.

நான் செய்தது தப்பு. அந்தக் கதை ஓடிய ஞாயிறு, உன் மனைவி போய் இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நீ தொடர் பார்க்க வந்ததே பெரிய விஷயம். கீழே அந்த வரி வந்தது. என் வாய் அதைப் படிக்கவில்லை. கப்பல் என்று எதையோ சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இறங்க வழியில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு பொய்.

படிக்கத் தெரியாதவனை ஏமாற்றுவதைவிடக் கேவலம் எதுவுமில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் கண்ணையே கட்டியிருக்கிறேன். "உங்கள் கதை செல்லாது" என்று நீ எழுதியது சரிதான்.

ஜூன் மாதம் நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவேன்? நீயே படித்துப் பார், நன்றாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்பு அண்ணனுக்கு,

என்ன இப்படி எழுதிவிட்டீர்கள்? வராமல் இருப்பதாவது!

இரண்டாம் பாகம் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் இன்று பிணத்துக்குப் பக்கத்திலேயே ரொட்டி சாப்பிட்டார். நீங்கள் இருந்திருந்தால் "இந்தாளுக்கு வீட்டுல சோறே போடமாட்டாங்களாய்யா?" என்றிருப்பீர்கள். நானே சொல்லிப் பார்த்தேன். பேரன் சிரிக்கவில்லை.

உங்களுக்குக் கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டாயிற்று. பதில் போடுங்கள்.

உங்கள்
இஸ்திரி


ஏப்ரல் 27

அன்பு அண்ணனுக்கு,

தபால்காரர் தினமும் என் வாசலைத் தாண்டிப் போகிறார். இருபத்தைந்து நாள் ஆகிறது. எழுத்து டீச்சரிடம் என் மார்ச் மாதக் கடிதத்தை வாயால் சொல்லிக் காட்டினேன். "ஐயா, இதைப் படிக்கிறவங்களுக்கு நீங்க கோவமா எழுதின மாதிரிதான் இருக்கும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சிரித்துக்கொண்டே எழுதினேன் அண்ணா. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு எழுதினேன். சிரிப்பும் தாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டேன். வாயால் பேசியே எழுபது வருடம் ஓட்டியவனுக்கு இது தெரியவில்லை. முகம் கூடவே போகாது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். நாலு வருடமாக மென்று விழுங்கியது.

இன்ஸ்பெக்டரம்மாவின் கணவர் செத்துப்போனது எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டாம் பாகத்தில், மழை பெய்யும் ஒரு காலையில் இன்ஸ்பெக்டரம்மா அலமாரியைத் திறப்பார். பேச்சே கிடையாது, எழுத்தும் ஓடாது, நீங்களும் சும்மா இருந்தீர்கள். உள்ளே பதினொரு ஆண்பிள்ளைச் சட்டை. எண்ணினேன். அதில் ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு, திரும்ப அதே இடத்தில் மாட்டுவார்.

கப்பலுக்குப் போகிறவன் சட்டையை எடுத்துக்கொண்டு போவான் அண்ணா.

அதுகூடப் பரவாயில்லை. அவர் கையைப் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் ஹோட்டல் அடித்தளத்தில், ஆவிக்கு நடுவே, ஒரு நாளுக்கு நூறு சட்டை தேய்த்தவன் நான். உடுத்தப் போகிறவனுக்குப் போடும் இஸ்திரிக்கு ஒரு வேகம் உண்டு. மேலே ஆள் காத்திருக்கிறான், நேரமாகிறது என்று கை ஓடும். அவர் கையில் அவசரமே இல்லை. பித்தானைச் சுற்றிப் பெட்டி நுனியை மெதுவாகக் கொண்டுபோகிறார். ஏற்கெனவே சுருக்கமில்லாத சட்டைக் கையை மறுபடி தேய்க்கிறார். காத்திருக்க ஆளில்லாத துணியை அப்படித்தான் தேய்க்க முடியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்த வருடமெல்லாம் நான் வீட்டில் அவளுடைய புடவைகளை அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்று உங்கள் பக்கம் திரும்பி "அண்ணா, அவரு செத்துட்டாரு இல்ல?" என்று கேட்க வாய் வரை வந்தது. நீங்கள் முந்திக்கொண்டு, "கப்பல் வர்றதுக்குள்ள சட்டையெல்லாம் தேச்சு வைக்கிறாங்கய்யா" என்றீர்கள். உங்கள் நெற்றியில் வியர்வை. என் சொந்தத் தம்பிகூட எனக்காக அவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொன்னதில்லை. நான் "ஆமாமா, வந்தா வேணுமே" என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அடுத்த ஞாயிறு எந்தத் துறைமுகம் என்று கேட்கவே வந்தேன்.

யார் யாரை ஏமாற்றினோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் படிக்கக் கற்றுக்கொண்டது உங்களை வேலையை விட்டு அனுப்ப அல்ல. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எனக்கு எந்தக் கொலையும் ருசிக்கவில்லை. ஜூன் மாதம் வாருங்கள்.

இதை ஒன்பது நாள் எழுதினேன். இந்த முறையும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன், ஒரு இடம் தவிர.

உங்கள்
இஸ்திரி


மே 8

அடப்பாவி!

நாலு வருடமாகத் தெரியுமா? உனக்காகப் பேத்தியின் உலகப்படப் புத்தகத்தை ஒளித்து எடுத்துவந்து துறைமுகத்தின் பெயர்களை மனப்பாடம் செய்தேனே! ஒரு ஞாயிறு பெயர் மறந்துபோய், கப்பலுக்குக் காய்ச்சல் என்று உளறினேன். அதற்கும் நீ முகத்தைச் சுளிக்காமல் "பாவம்" என்றாய். உன்னைத்தான் போலீசில் சேர்த்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை லிஃப்டில் நின்று படித்தேன். கீழே போனேன், மேலே வந்தேன், மறுபடி கீழே போனேன். யாரையும் எந்த மாடி என்று கேட்கவில்லை. புடவை விஷயத்தை நீ அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு நேரில் திட்டுகிறேன்.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய், என் பங்குக்கு நானும் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்து எனக்கும் வேகமாகத்தான் ஓடியது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பாதிதான் பிடிபடும். விட்டுப்போன இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். ஆகவே கொலைகாரர்களில் பாதிப் பேரை முடிவு செய்தது நான்தான். தோட்டக்காரன் வழக்கு ஒன்று வருமே, அவனைப் பற்றி இப்போதும் எனக்கு உறுத்தல். நீ படித்துப் பார்த்துச் சொல்.

ஜூன் முதல் தேதி, காலை ஒன்பதரை ரயில். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஏழு நாளும் நீ சத்தமாகப் படி, தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை. நான் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாக.

முதல் நாளாவது.

உன்
அண்ணன்