காலின் வயிறு

3 ஜூன், செவ்வாய்
காலையிலிருந்து மூன்று பேர். கழுத்துச் சுளுக்கு இரண்டு, இடுப்புப் பிடிப்பு ஒன்று. இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் தொட்டு நீவினால் சுளுக்கு விடுமாம். ஹரியும் ஜோதிகாவும் பிறந்து இருபது வருஷம். இருபது வருஷமாக இந்தக் கை எனக்குச் சொந்தமில்லை. நான் தாவரவியல் படித்தவள் என்பது யாருக்கும் நினைவில்லை. சில நாள் எனக்கே இல்லை.

மதியம் பந்தல்குடியிலிருந்து செல்வலட்சுமி, இவருடைய தங்கை. கணுக்கால் மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. இடது கெண்டைக்கால் வீங்கிக் கிடந்தது.

"கெண்டை பெரட்டிருச்சு மதினி. ஒங்க கை பட்டாத்தான் விடும்."

தொட்டால் சுட்டது. வெயிலில் பஸ்ஸில் வந்த சூடு என்று எடுத்துக்கொண்டேன். மறுத்தால் அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டும். நீவிவிட்டால் பத்து நிமிஷம். நீவினேன்.

4 ஜூன்
வலி விடவில்லை. இங்கேயே தங்கிவிட்டாள். இன்னொரு தரம் நீவச் சொல்கிறாள். நாளைக்கு என்றேன்.

5 ஜூன், வியாழன்
மதுரையிலிருந்து ஜோதிகா போன். பிசியோதெரபி இரண்டாம் வருஷம். பரீட்சை வந்தால் பாடத்தை என்னிடம் ஒப்பிப்பாள். இன்று கெண்டைக்காலின் தசை. காஸ்ட்ராக்னீமியஸ்.

"கிரேக்கத்துல காஸ்டர்னா வயிறும்மா. க்னீமேன்னா முழங்காலுக்குக் கீழ உள்ள காலு. காலோட வயிறு!"

அதற்கடியில் தட்டையாக இன்னொரு தசை, சோலியஸ். லத்தீனில் சோலியா என்றால் செருப்பு. ஒரு தட்டை மீனுக்கும் அதே பெயராம். அவர்களும் காலில் மீனைப் பார்த்திருக்கிறார்கள்! நமக்கு அது கெண்டை. நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி — கண்மாய் வற்றும்போது பிடிப்பார்களே, அது மாதிரி. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

"ஒங்க அத்தைக்கு அந்த வயிறுதான் வீங்கியிருக்கு" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு காலா, ரெண்டுமா? சூடா இருக்கா? கட்டுப் போட்ட காலா?" பிறகு மெதுவாக, "நீ நீவுனியாம்மா?"

ரத்தம் உறைந்திருக்கலாமாம். நீவினால் கட்டி நகர்ந்து நெஞ்சுக்கு ஏறலாமாம். உயிருக்கே —

இவரிடம் சொன்னேன். "முந்தாநேத்து நீவுனது யாரு? இன்னைக்குப் பயமுறுத்துறது யாரு?"

"ரெண்டும் நாந்தான். வண்டியக் கூப்பிடுங்க."

செல்வலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சலிப்பா இருந்தா சொல்லிருக்கலாம்ல மதினி. அதுக்காக ஆஸ்பத்திரிக்குத் தள்ளணுமா?"

சலிப்புத்தான். சலிப்பில்தான் நீவினேன். அதை எப்படிச் சொல்ல?

6 ஜூன், மதுரை
ஸ்கேனில் கட்டி தெரிந்தது. சோலியஸுக்குள் ஓடும் ரத்தக்குழாயில். "யாராவது தேய்ச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். எல்லாரும் நின்றிருந்தோம். நான் என்றேன். எழுதிக்கொண்டார். கட்டிலிலிருந்து செல்வலட்சுமி என்னையே பார்த்தாள்.

பிள்ளைகளைச் சுமந்தது வயிறு. கைக்கு என்ன தெரியும்? ஏன் ஒருவரிடமும் நான் இதைக் கேட்கவில்லை?

8 ஜூன்
நெஞ்சுக்கு ஏறவில்லை. ஊசி போடுகிறார்கள். அவள் என்னோடு பேசவில்லை.

29 ஜூன், ஞாயிறு
பந்தல்குடி போனேன். அவளுக்கு மூன்று மாதம் மாத்திரை. ஜோதிகா சொன்னபடி தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். ஒன்று மட்டும் பெருத்திருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். வலது பதிமூன்று இஞ்சு, இடது பதிமூன்றேகால்.

"மீனு மெலிஞ்சிருச்சா மதினி?"

ஜோதிகா அவளிடமும் ஒப்பித்திருக்கிறாள் போல. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

வீடு திரும்பினால் வாசலில் பக்கத்துத் தெரு ஒச்சம்மாள், ஒரு காலை நீட்டிக்கொண்டு. "கெண்டை பெரட்டுது தாயி. சித்த நீவி விடு."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

"அந்தக் காலையும் நீட்டுங்க."