பூத்து நிற்கும் வெற்று நிலம்

அனுப்புநர்:
எட்டாம் மடைத் தக்காளித் தோட்டத்துக்காரி,
(டிரைவர் வீட்டம்மா என்றால் தங்கள் அலுவலக வாசலில் எல்லோருக்கும் தெரியும்)
வாய்க்கால் மேட்டுத் தெரு.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் பாசன அலுவலர் அவர்கள்,
வட்டாரப் பாசன அலுவலகம், முதல் மாடி.

பொருள்: களக் கண்காணிப்பு மென்பொருளில் என் தக்காளித் தோட்டம் வெற்று நிலம் எனப் பதிவானது – தண்ணீர் நின்றது – அட்டவணையைத் திருத்தி மடை திறக்க ஆணையிட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் வந்து நின்றது. 2. மறுபடி வந்து நின்றது. 3. ஐயா கூட்டத்தில் இருப்பதாக இரண்டு முறையும் சொல்லப்பட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது: என் தோட்டத்தில் தக்காளிச் செடிகள் பூத்து நிற்கின்றன. தங்கள் அலுவலகத்தின் புதிய மென்பொருளில் அதே தோட்டம் "அறுவடை முடிந்த வெற்று நிலம், தண்ணீர் தேவையில்லை" என்று நிற்கிறது. சென்ற இரண்டு முறைத் தண்ணீரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. வரும் வெள்ளிக்கிழமை முறையும் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும். அதன் பிறகு ஆணை வந்தால், அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமே தவிர வேறு பயன் இருக்காது.

2. இது எங்கள் முதல் வெள்ளாமை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். என் கணவர் பேருந்து ஓட்டியவர். முழங்கால் தேய்ந்ததால் வேலையை விட்டுவிட்டு, தம்பியோடு பாகம் பிரித்ததில் வந்த இந்தத் துண்டு நிலத்தில் இறங்கினார். "ஸ்டீயரிங் பிடிச்ச கைக்கு மண்வெட்டி வருமா?" என்று ஊரே கேட்டது. முதலில் கேட்டவள் நான்தான் என்பதால் ஊரைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தில் இப்போது ஒவ்வொரு செடியையும் தட்டிப் பார்க்கிறார். முதல் பூ வந்த அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கழற்றிவிடுவார்.

3. முன்பெல்லாம் மடை திறப்பவர் வரப்பில் நின்று வயலைப் பார்ப்பார், திறப்பார். இப்போது கைப்பேசியைப் பார்க்கிறார். செடிகளுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "அக்கா, என் கண்ணுக்குத் தக்காளி தெரியுது. போனுக்குத் தெரியலையே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "போனைக் கொஞ்ச நேரம் கீழ வச்சிட்டுத் திற தம்பி" என்றேன். "கீழ வச்சா, கீழ வச்சதுக்கு அதுலயே மெமோ வருதுக்கா" என்றார். பிள்ளைகுட்டிக்காரர். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

4. அடுத்ததாக ஒன்பதாம் மடை. அது என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தியின் நிலம். மக்காச்சோளம் அறுத்து, தட்டையையும் வாரியாகிவிட்டது. உண்மையில் வெற்று நிலம் அதுதான். அதற்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் தண்ணீர் பாய்கிறது. கொக்குகள் வருகின்றன. ஓரகத்தி வரப்பில் உட்கார்ந்து துணி துவைக்கிறாள். கேட்டால், "நானாக்கா கேட்டேன்? தானா வருது. வர்றதை வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். போதாக்குறைக்கு அவள் கைப்பேசிக்கு "உங்கள் வாழை செழிப்பாக உள்ளது, வாழ்த்துகள்" என்று அலுவலகச் செய்தி வருகிறது. அவளிடம் ஒரு வாழைக்கன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தச் செய்தியை எங்கள் மாமியாரிடம் காட்டிப் பாராட்டு வாங்கிவிட்டாள். இதை நான் தகவலாகத்தான் தெரிவிக்கிறேன். அவளைப் பற்றிப் புகார் என்றால் தனி மனுவாகத்தான் தர வேண்டியிருக்கும்; இந்தத் தாள் போதாது.

5. ஏழாம் மடைக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், எலுமிச்சை வைத்திருக்கிறார். என் தக்காளியைப் பற்றிய செய்திகள் எல்லாம் அவருக்குத்தான் போகின்றன. வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு செய்தியையும் சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்கிறார். வாசலில் மணியடித்து, "அம்மா, உங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு. பூ நல்லாப் பிடிச்சிருக்காம். தண்ணி மட்டும் குறையக் கூடாதாம்" என்று படித்துக் காட்டுகிறார். ஆக, என் செடி பூத்தது மென்பொருளுக்கு நன்றாகவே தெரியும். என்னிடம் சொல்லத்தான் அதற்கு மனமில்லை.

என் தக்காளிக்குரிய தண்ணீரும் அவருடைய எலுமிச்சைக்குத்தான் போகிறது. "எடுத்துக்குங்க" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு நிலத்துக்கும் நடுவில் தார்ச்சாலை போகிறது. எனவே என் கணவர் தினமும் மாலையில் இரண்டு வாளிகளோடு சாலையைக் கடக்கிறார். தம்பி வயலில் பக்கத்திலேயே தண்ணீர் தளும்புகிறது; அதில் ஒரு சொட்டு தொட மாட்டார். பாகம் பிரித்த அன்று இருவரும் பேசிக்கொண்டது அப்படி. முழங்காலுக்கு மருந்து தேய்த்துவிடும்போது, "வலிக்குதா?" என்றால், "தக்காளிக்கா?" என்று கேட்கிறார்.

6. இப்போது நடந்த சங்கதிக்கு வருகிறேன். என் வாய்மொழிப் புகாரின் பேரில் தங்கள் களப் பணியாளர் அம்மையார் நேரில் வந்தார். மிகவும் மரியாதையானவர். தோட்டத்தில் நின்று கைப்பேசியில் என் பெயரை அழுத்திப் படம் எடுக்கப் போனார். "தாங்கள் தவறான வயலில் நிற்கிறீர்கள்" என்று மென்பொருள் சொல்லிவிட்டது. கூடவே ஓர் அம்புக்குறி காட்டியது. அம்புக்குறி போன வழியே போனால், ஓரகத்தியின் வயல் வருகிறது. என் பெயருக்கு அந்த இடத்தில் நின்றுதான் படம் எடுக்க முடியுமாம். "இங்க எடுத்தா ஏத்துக்காதும்மா. அங்க எடுத்தா தக்காளி இல்ல. நான் எதைத்தான் எடுக்கிறது?" என்று அந்த அம்மையார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். "தக்காளியை அங்க கொண்டு போயிட்டா?" என்றேன்.

தோட்டத்திலேயே நன்றாகப் பூத்த செடியை என் கணவர் வேரோடும் மண்ணோடும் பெயர்த்து வாளியில் வைத்தார். அம்மையார் முன்னால், வாளியோடு அவர் நடுவில், பூ உதிராமல் இருக்கக் கிளையைத் தாங்கிப் பிடித்தபடி நான் பின்னால். வரப்பிலிருந்து ஓரகத்தி, "என்னக்கா, தக்காளிக்கு நீச்சல் பழக்கப் போறீங்களா?" என்றாள். அவள் பக்கம் திரும்பவும் வழியில்லை. கிளை கையில் இருந்தது. கணுக்கால் தண்ணீரில் செடியை ஊன்றிப் படம் எடுத்தோம். "ஏற்கப்பட்டது" என்று வந்தது. மூவரும் கை தட்டினோம்; ஓரகத்தியும் தட்டினாள் என்பதை நேர்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாங்கள் வரப்பு ஏறுவதற்குள் அடுத்த செய்தி வந்தது: "பயிர்: தக்காளி. நிலை: நீரில் மூழ்கியுள்ளது. மறு உத்தரவு வரை மடை மூடப்படுகிறது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்."

அதுவரை மடை திறக்கப்படாமல் மட்டும் இருந்தது. இப்போது பூட்டே போட்டுவிட்டார்கள். யோசனை என்னுடையது என்பதால் வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை நின்றது. செடியைத் திரும்பக் கொண்டுவந்து நட்டுவிட்டு, என் கணவர் அதனிடம் மட்டும் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

7. மறுநாளே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். ஐயா கூட்டத்தில் இருந்ததால் கணினி இயக்குபவரிடம் போய் உட்கார்ந்தேன். எழுந்து போக மாட்டேன் என்று தெரிந்ததும் அட்டவணையைத் திறந்து காட்டினார். காரணம் முதல் வரியிலேயே இருந்தது.

தங்கள் அலுவலகத்தில் ஐயாவின் பெயர் உச்சியில் இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போனதில்லை. அது நல்ல வழக்கம்தான். அந்த வழக்கப்படியே இந்த அட்டவணையிலும் விவசாயிகளின் பெயர் வரும் வரிசையில் முதல் கட்டத்தில் தங்கள் பெயரைப் பதவியோடும் பட்டங்களோடும் போட்டிருக்கிறார்கள்; எங்கள் பெயர்கள் எல்லாம் ஒரு கட்டம் கீழே இறங்கிவிட்டன. பக்கத்து வரிசைகளில் நிலமும் பயிரும் வழக்கம்போல முதல் மடையிலிருந்து தொடங்குகின்றன. இப்படியே மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டார்கள். அதற்கு மரியாதை தெரியாது. முதல் வரியில் இருப்பவர் முதல் விவசாயி என்று எடுத்துக்கொண்டது. ஆகவே முதல் மடைத் தோட்டம் தங்களுக்குப் போனது. முதல் மடைக்காரருக்கு இரண்டாமவர் நிலம், தபால்காரருக்கு என் தக்காளி, எனக்கு ஓரகத்தியின் வெற்று நிலம், ஓரகத்திக்குப் பத்தாம் மடை வாழை. ஆளுக்கொரு மடை இறங்கிவிட்டோம். கடைசி மடைக்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. "தங்கள் வயல் கண்டறியப்படவில்லை" என்று அவருக்குச் செய்தி வருகிறது. பாவம், காலையில் எழுந்ததும் வயல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் பல் தேய்க்கிறார்.

8. "அந்த ஒரு கட்டத்தை அழிச்சிட்டா சரியாயிடுமேப்பா" என்றேன். "ஐயா பேரை நான் அழிக்கிறதாம்மா? நல்லாச் சொன்னீங்க" என்று கணினி இயக்குபவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு மேலே உள்ள கண்காணிப்பாளரிடம் போனேன். "அழிக்க வேண்டாம், கொஞ்சம் கீழே இறக்கினாலும் போதும் சார்" என்றேன். "மெதுவாப் பேசுங்கம்மா. ஐயாவுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். இப்பப் போயி இறக்குறதாவது" என்றார். ஐயாவே சொன்னாலொழிய அந்தக் கட்டத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. ஐயாவிடம் இதைச் சொல்லவும் அங்கே ஆளில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

9. நான் சொல்வதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். கூட்டங்களின் நடுவே தங்கள் கைப்பேசிக்கு "தங்கள் கத்தரிக்காயில் புழு உள்ளது" என்று செய்தி வருவதாகவும், ஏதோ மருந்துக் கடை விளம்பரம் என்று தாங்கள் கோபித்துக்கொள்வதாகவும் தங்கள் அறை வாசலில் உட்காருபவர் சொன்னார். (அவரைக் கோபிக்க வேண்டாம், பேச்சுவாக்கில் நான்தான் பிடுங்கினேன்.) ஐயா, அது விளம்பரம் அல்ல. முதல் மடைக் கத்தரித் தோட்டம் மென்பொருளின்படி தங்களுடையது. புழு இருப்பதும் உண்மை. நான் போய்ப் பார்த்தேன்.

10. எனவே தயவுகூர்ந்து,

(அ) அந்த ஒரு கட்டத்திலிருந்து தங்கள் பெயரை எடுக்கலாம் என்று தங்கள் கைப்பட ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன். அட்டவணைக்கு வெளியே, தாளின் தலைப்பில், எத்தனை பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளட்டும். வண்ணத்தில் போட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

(ஆ) திருத்திய அட்டவணையை மென்பொருளில் புதிதாக ஏற்றி, ஏற்றிய பிறகு யாராவது ஒருவர் வாய்க்கால் ஓரமாக நடந்து வந்து பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன்.

(இ) அதற்கு நாளாகும் என்றால், இந்த வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் மடை திறப்பவர் தம் கண்ணை நம்பலாம் என்று எழுத்துமூலம் அனுமதி தர வேண்டுகிறேன். அவர் கண் நல்ல கண்தான்.

இவற்றில் எதற்கும் வழியில்லை என்றால், ஒரு மாலை தாங்கள் எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டும். என் கணவர் வாளிகளோடு சாலையைக் கடந்து வருவார். அவரை நிறுத்தி, இது வெற்று நிலம், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று தாங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். வரவில்லை.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
எட்டாம் மடைக்காரி
(கையொப்பம்)

இடம்: பூட்டிய மடையின் மேல், தாளை வைத்து எழுத வேறு மேடை இல்லாததால்.
நாள்: முறைத் தண்ணீருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

இணைப்பு: பூவோடு கூடிய தக்காளிக் கிளை ஒன்று. உறையைப் பிரிப்பதற்குள் வாடியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதையும் சான்றாகக் கொள்ளவும்.