தையல் போட்ட கடைசி அத்தியாயம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் அத்தை மட்டும் கொஞ்சம் வாடியிருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னிடம் தோற்றுப்போன துக்கம்தான், தெளிந்துவிடும். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கூன் போட்டு உட்காராதே என்றால் கேட்கவா போகிறாய்.

பேத்தி பழைய புத்தகக் கடையில் தேடிப்பிடித்து அனுப்பிய ஆஸ்திரேலியாக் கிணற்றுக்காரர் துப்பறியும் கதையின் தமிழ்ப் புத்தகம் வந்து சேர்ந்தது. அந்த வரிசையில் நாங்கள் படிக்காமல் விட்டது அது ஒன்றுதான், கடைசிக் கதையும் அதுதான். உனக்கு இந்தக் கதைகளின் அருமை தெரியாது, இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தூங்கினவன் நீ. கிணற்றுக்காரர் துப்பாக்கி தூக்கமாட்டார், யாரையும் துரத்திக்கொண்டு ஓடமாட்டார். லொடலொடவென்று ஒரு லாரியில் ஆட்டுப் பண்ணை ஆட்டுப் பண்ணையாகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார், கொடுக்கிற டீயைக் குடிப்பார், எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மண், பக்கத்து வீட்டுக்குப் போக அரை நாள், அதற்குள் ஒரு கொலை. நான் ஐந்தாவதோடு நின்றவள், வரைபடத்தில் ஆஸ்திரேலியாவைக் காட்டச் சொன்னால் முழிப்பேன், ஆனால் அந்தப் பண்ணைகளில் தண்ணீர்த் தொட்டி எங்கே, சமையல்கட்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். எழுதினவர் எதையும் ஒளிக்கமாட்டார். கண்ணெதிரே வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்கவைப்பார், அந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்.

அத்தையின் தையல்கடையில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் சத்தமாக வாசிப்பதும் மற்றவர்கள் பட்டன் கட்டிக்கொண்டே கேட்பதும் உனக்குத் தெரிந்ததுதான். யாரும் திருட்டுத்தனமாகப் பார்க்கக்கூடாது என்று கட்டிங் மாஸ்டர் கடைசி அத்தியாயத்தை மட்டும் நூல் ஓட்டித் தைத்துவிடுவார். கொலைகாரன் யார் என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் பிரிப்போம். போன இரண்டு கதையிலும் நான் சொன்னது தப்பு, அத்தை சொன்னது சரி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, இதையும் கோட்டை விட்டீங்கன்னா வாசிக்கிற நாற்காலி எனக்கு, நீங்க போய் பட்டன் கட்டுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நானும் நாலு எழுத்துப் படித்தவள் என்று எனக்கே ஒரு நிமிர்வு, அதைப் போய்ப் பந்தயத்தில் வைப்பேனா.

கதையைச் சொல்கிறேன், நீ எப்படியும் படிக்கப் போவதில்லை. மழையே காணாத பண்ணை. கிணற்றுக்காரர் சக்கரம் நிறையச் சேற்றோடு வந்து இறங்குகிறார். முதலாளி, சமையல்காரி, ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எங்கே மழை, எங்கே மழை என்று கேட்கிறார்கள். அந்த மழை பெய்த ஓடைக்கரையில்தான் பிணம் கிடக்கிறது. அத்தை கணக்குப்பிள்ளைதான் என்றாள், முழியே சரியில்லையாம். மாஸ்டர் முதலாளியின் தம்பி என்றார். நான் குதிரைக்காரன் என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வந்தவருக்கு டீ போட்டு, தன் போர்வையையே கொடுத்தவன் அவன். "உங்களுக்கு நல்லவங்களைக் கண்டாலே ஆகாதா அண்ணி" என்றாள். அவன் ஒருத்தன்தான் மழையைப் பற்றிக் கேட்கவில்லை, தண்ணீருக்குத் தவிக்கிற இடத்தில் சேற்றைப் பார்த்தும் ஒருத்தன் கேட்கவில்லையென்றால் மழை எங்கே என்று அவனுக்கு முன்பே தெரியும், அவன் அங்கே இருந்திருக்கிறான் என்றேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

சரி பிரிப்போம் என்றால் நூல் அசையவில்லை. போன தடவை பட்டன் கட்டுகிறவள் எட்டிப் பார்த்துவிட்டாளாம், அந்தக் கோபத்தில் மாஸ்டர் கையால் ஓட்டாமல் ஜீன்ஸ் தைக்கிற மிஷினில் இரட்டைத் தையல் போட்டு வைத்திருக்கிறார்! "புத்தகத்துக்கு ஜிப்பும் வச்சிருக்கலாமே" என்று அத்தை கத்த, அவர் ஒவ்வொரு தையலாக வெட்ட, நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகப் பிரிந்தது. அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே கிணற்றுக்காரர் குதிரைக்காரனைப் பார்த்துக் கேட்கிறார், எங்கே மழை என்று நீ மட்டும் ஏன் கேட்கவில்லை? நான் வாசித்த வாசிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். மாஸ்டர் கத்தரியால் மேசையைத் தட்டினார். அத்தை நம்பாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், நான் ஆசை தீர மூன்று தடவை வாசித்தேன்.

கடைசிப் பக்கத்தில் லாரி கிளம்பிப் போகிறது, புழுதி அடங்குகிறது. இனி அவர் வரமாட்டார் என்று நினைத்ததும் அதற்கு மேல் வாசிக்காமல் நிறுத்திவிட்டேன். அத்தை பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாகப் பார்த்து, மிச்ச வரிகளை அவளே வாசித்து முடித்தாள். என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. "நாளைக்கு முதல் கதையை எடுங்க அண்ணி, ஆள் யாருன்னு தெரிஞ்சுகிட்டே கேட்டா, நம்மளை எங்க ஏமாத்தினாருன்னு பிடிச்சுடலாம்" என்றாள்.

பேத்தி முழுக்கப் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள், ஆனாலும் போனில் அத்தனை பேசியும் ஒரு வார்த்தை கசியவிடவில்லை. என்ன அழுத்தம், என் பேத்தியாச்சே! அவள் யாரைச் சந்தேகப்பட்டாள் என்று கேட்டு மறக்காமல் எழுது. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்கார், என்னைப் போல.

நாற்காலியை விட்டுக்கொடுக்காத
உன் அம்மா