பெட்ஷீட்டின் இரண்டு பக்கமும்

ஒக். 12, ஞாயிறு

காலையிலிருந்தே மழைக்குணம். வெள்ளவத்தை. எங்கள் வீடு நின்ற இடத்தில் இப்போது எட்டு மாடி. ஆறாவதில் அம்மா, தனிய. கடல் பார்க்கலாம் என்று பல்கனிக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள்தான் தெரிந்தன. கீழே ஒழுங்கைத் தெருவில் தெரிந்த முகம் ஒன்றில்லை. படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான், சொந்த ஒழுங்கையில் கமராவைத் திறக்கவே மனம் வரவில்லை.

செய்ய: அம்மாவுக்கு விசாப் படம். விண்ணப்பம். பிரஷர் குளிசை. இந்த முறை என்னோடு லண்டனுக்கு ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. இங்கே அவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். "ஓம் ஓம், போவம். முதல் சாப்பிடு."

ஒக். 13, திங்கள்

கொட்டாஞ்சேனையில் பழைய முன்வாசல்களைப் படம் எடுக்கப் போய், பாதியில் கொட்டு மழை. நனைந்த கோழியாய்த் திரும்பினால் வீடு பூட்டு. அம்மாவின் போனுக்கு அடித்தேன்; உள்ளுக்குள்ளேயே அடித்தது. கதவில் தட்டோ தட்டென்று தட்டினேன்.

முன்வீட்டுக் கதவு திறந்தது. பரீதாவாம். "மகனா? பயப்பட வாணாம். ஒங்கட உம்மா இங்கதான் ஈக்கிறா. பிரஷர் பாக்க வந்த."

பிரஷர் பார்க்க வந்தவர் சோபாவில், கையில் வட்டிலப்பம். பக்கத்தில் மேல்மாடிக் குமாரி. குளிசை வாங்கி வருவது குமாரிதானாம். எனக்குத் தெரியாது.

"போனை விட்டிட்டே வாறது?"

"முன்வீட்டுக்கு வர போன் என்னத்துக்கடா?"

கோபம்தான். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். நல்ல ருசி.

ஒக். 15, புதன்

வெயில். விசாப் படம். விதி: வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. எங்கள் சுவர் மஞ்சள். வெள்ளை பெட்ஷீட்டை அம்மாவுக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லிப் பரீதாவையும் குமாரியையும் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது!

குமாரி: "அனே அம்மா, சிரிக்க வேணாம். பொலிஸ் மாதிரி இருங்க."

அம்மா வெடித்துச் சிரித்தார்.

"அல்லாவே, கொஞ்சம் சும்மா ஈங்களே!" சொன்ன பரீதாவுக்கே சிரிப்பு. பெட்ஷீட் ஆடுகிறது.

கடைசியில் ஒன்று சரிவந்தது. காது, கண், வாய் எல்லாம் விதிப்படி. பார்த்தால் யாரோ ஒரு மனுசி. என் அம்மா இல்லை.

பின்னேரம் கேட்டேன். "அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. வர விருப்பமோ?"

பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே சொன்னார். "பேரப்பிள்ளையளைப் பாக்கோணும். ரெண்டு மாசம் வாறன். பிறகு கொண்டுவந்து இங்க விட்டிடு. பரீதாவின்ர மகளுக்குக் கலியாணம் வருது, சீலை எடுக்க நான் போகோணும்."

எனக்கு ஏமாற்றம்தான். அதோடு, பொய் சொல்வானேன், பெரிய நிம்மதி.

ஒக். 16, வியாழன்

விண்ணப்பத்தை மாற்றினேன்: போய் வரும் விசா. அதற்கு அந்த யாரோ மனுசியின் படம் போதும்.

மற்றப் படங்களை அழிக்க உட்கார்ந்தேன். ஒன்றில் கை நின்றுவிட்டது. நடுவில் அம்மா, வாய் நிறையச் சிரிப்பு. இடப்பக்கம் பரீதாவின் வளையல் கை, வலப்பக்கம் குமாரியின் கை, இரண்டும் பெட்ஷீட்டை இறுக்கிப் பிடித்தபடி. மேலே மஞ்சள் சுவர். இந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல படம் இதுதான். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மூன்று பிரதி அடிக்கக் கொடுத்தேன். முன்வீட்டுக்கு ஒன்று, மேல்மாடிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடைக்காரப் பெடியன் ஓரத்துக் கைகளை வெட்டிவிடவா என்று கேட்டான்.

தொடாதே என்றேன்.