தாளிக்காத குழம்பு

10-8-1964, திங்கள்

அல்சூர் டாக்டரிடம் இன்று ரத்தச் சோதனை முடிவு வந்தது. மாத்திரை தொடங்கி மூன்று மாதமாகியும் கொலஸ்டிரால் இறங்கவில்லை. டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, பெரியவருக்கு நெய்ய ஊத்திப் போடுறீங்களா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. ஞாயித்துக்கெழம கறிகூட எடுக்கறதில்ல. வாசன வந்தா கேப்பாருன்னு பேரப்பசங்களுக்கும் நிறுத்திட்டேன்."

"அப்ப ரத்தத்துல கொழுப்பு எங்கேருந்து வருது, குழாயிலயா?"

கம்பவுண்டர் சிரித்தான். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாத்திரையை நான் இரண்டு மாதமாக விழுங்கவில்லை. விழுங்கினால் முகமும் காதும் எரிகின்றன. அப்போதே சொன்னேன். "பழகிடும்" என்றார் அந்தச் சின்ன வயது டாக்டர். எரிவது அவர் முகமில்லையே. நானும் வைத்தியப் புத்தகம் படித்தவன்தான். இது என் உடம்புக்கு ஆகாது என்று முடிவுகட்டி, தினமும் வாய் கொப்பளிக்கும்போது துப்பிவிடுகிறேன். அதில் இப்போதும் எனக்கு வருத்தமில்லை.

மர்பி டவுன் வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் இவள், "நாந்தாங்க தப்புப் பண்ணிட்டேன். தாளிக்கறதுக்கு விடுற எண்ணெயா இருக்கும். இனிமே அதுவும் வேணாம்" என்றாள்.

இரவு தாளிக்காத குழம்பு. வாயில் வைக்க முடியவில்லை. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் காலையில் போய்ச் சொல்லிவிடுவேன். அவரிடம் எனக்கென்ன பயம். இவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். இன்னும் தூங்கவில்லை.